உற்சாகப் பலகை

ஒரு சிரிப்புக்கு எங்கள் அலுவலகத்தில் அரை மதிப்பெண். கடைக்கார வீட்டில் வளர்ந்த எனக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்பா கடையில் சரக்குக்குத்தான் விலை, சிரிப்பு கொசுறு. இங்கே மென்பொருள் எழுதுவது கொசுறு. குழுவின் அரட்டையில் யார் எவ்வளவு குதூகலமாகப் பேசுகிறார்கள் என்று கணினியே எண்ணி, மாதாமாதம் ஐந்துக்கு இத்தனை என்று சுவர்த்திரையில் போட்டுவிடும். உற்சாகப் பலகை என்று பெயர்.

என் பெயருக்கு நேரே இரண்டு. வீட்டில் பல் முளைக்கும் குழந்தை; தூக்கம் என்பதே மறந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரனும் வாய் திறக்காதவன்தான். ஆனால் அவன் ஆழ்ந்து யோசிக்கிறானாம். அவனுக்கு மேலாளர் தன் கையாலேயே மதிப்பெண் கூட்டிப் போடுவார். நான் பேசாவிட்டால் மட்டும் அது சோர்வு. மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"வேலைல ஒரு குறையும் இல்லம்மா. முகத்துல ஒரு இது வேணும்ல? இன்னொரு மாசம் இப்படின்னா உங்கள வச்சுக்க முடியாது. அக்காவப் பாருங்க, அஞ்சு!"

"சார், அக்கா வேலைய விட்டுப் போய் மூணு மாசம் ஆச்சு."

அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். முதலிடத்தில் அக்கா; குழுவிலேயே மூத்தவள், அதனால் எல்லோருக்கும் அக்கா. அன்று காலைகூட, "வாங்க மக்களே, கலக்கலாம்!" என்று அவள் பெயரில் வந்திருந்தது. அதற்கு ஒரு இதயமும் போட்டிருந்தார் இவர்.

"அப்ப இது யாரு?" குரல் இறங்கிவிட்டது. "தேடிப் பிடிச்சு நிறுத்திடுங்க. வெளிய மூச்சு விடாதீங்க."

பிடித்துவிட்டேன். அக்கா போகும் முன் எழுதி ஓடவிட்டிருந்த சின்ன ப்ரோக்ராம். அக்காவுக்கும் ஒரு காலத்தில் இரண்டுதான். நிறுவனம் கேட்ட சிரிப்பைக் கணினியிடமே குத்தகைக்கு விட்டிருக்கிறாள். யாராவது எதையாவது முடித்தால் சற்றுத் தாமதித்து ஒரு "செம்ம!" நடுநடுவே எழுத்துப்பிழைகூட வைத்திருந்தாள். பிழையே இல்லாத உற்சாகத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தவள்.

அழிக்க விரல் போனது. அழிக்கவில்லை. அதில் அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை வைத்தேன். அவள் கணக்கையும் மூடினேன்.

அந்த மாதக் கடைசி நாள், காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் நின்றிருந்தேன். கைப்பையில் போன் அதிர்ந்தது. குழுவில் நான் பேசிக்கொண்டிருந்தேன். "இன்னைக்கு செம்ம தெம்பா இருக்கேன் மக்களே!"

கீழே மேலாளர்: "இதத்தாம்மா எதிர்பார்த்தேன்!"

மறுநாள் பலகையின் முன் நின்றேன். என் பெயருக்கு நேரே ஐந்து. கடைசி வரிசையில், நானே மூடிய கணக்கில், அக்காவின் பெயர் இன்னும் பச்சையாக மினுங்கியது. அதற்கு நேரே பூஜ்யம் இல்லை, போன மாதம் வரை என்னுடையதாக இருந்த அந்த இரண்டு.

கடைக்கார வீட்டுப் பழக்கதோஷம், கூட்டிப் பார்த்தேன். போன மாதம் அவள் ஐந்து, நான் இரண்டு, ஆக ஏழு. இந்த மாதம் நான் ஐந்து, அவள் இரண்டு. ஆக ஏழு.