முதுகில் மாட்டிய கொக்கி

ரேடியோ பாடிக்கொண்டிருக்கும் வரை பயமில்லை. அந்தத் துப்புரவுக் குழுவின் வேதவாக்கு அதுதான்.

ரேடியோ என்பது பெட்டியல்ல, ஆள். பழச்சாறு ஆலையில் தரைக்கடியில் இருக்கும் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, அடியில் இறுகிய கூழைச் சுரண்டுவது அவன் வேலை. இறங்கியதிலிருந்து ஏறும்வரை கீழே இருப்பவன் வாய் ஓயக்கூடாது என்பது குழுவின் சட்டம். பேச்சு நின்றால் மூச்சு சரியில்லை என்று பொருள். மற்றவர்களுக்கு அது தொல்லை. இவனுக்கோ கரும்பு தின்னக் கூலி.

மேலே, தொட்டியின் வாயருகே காவல் நிற்பவர் அவனுடைய அக்கா புருஷன். இவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆலை முழுக்க அவருக்கு மாமா என்றே பெயராகிவிட்டது. அவர் பக்கத்தில் ஒரு சக்கரம், அதில் சுற்றிய நீளக் கயிற்றின் கொக்கி கீழே இருப்பவனின் மார்புப் பட்டையில் மாட்டியிருக்கும்.

குழுவுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. கீழே போகிறவன், போவதற்கு முன் மேலே நிற்பவரைக் கட்டிவிட்டுப் போக வேண்டும். இடுப்புப் பட்டையின் பூட்டு முதுகுப் பக்கம், அங்கேயே ஒரு கொக்கி, அதிலிருந்து பின்னாலிருக்கும் இரும்புத் தூணுக்கு ஒரு குட்டைக் கயிறு. குப்புறப் படுத்தால் தலையும் இரண்டு கையும் தொட்டியின் வாய்க்குள் போகும், மார்பு போகாது. தன் முதுகைத் தானே எட்டி அந்தக் கொக்கியைக் கழற்ற யாராலும் முடியாது.

இதைக் கொண்டுவந்த மேஸ்திரி காரணமும் சொல்லியிருந்தார். "உள்ள ஒருத்தன் விழுந்தா ஒரு பொணம். காப்பாத்தப் போறேன்னு இன்னொருத்தன் குதிச்சா ரெண்டு. நல்லவனாப் பார்த்துக் கட்டுங்கடா. கெட்டவன் எப்படியும் குதிக்கமாட்டான்."

"மாமா, உங்க கல்யாணத்தன்னைக்கு உங்க மூஞ்சியைப் பார்த்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?" கீழேயிருந்து குரல், பானைக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"பொறாமையா இருந்திருக்கும்."

"அக்காவைக் கட்டுறவர் மேல யாருக்குப் பொறாமை வரும், பரிதாபம்தான் வரும். இருங்க, என் கயிறு வேற கலக்குற இறக்கையில போய்ப் பின்னிக்கிச்சு. கழட்டி அந்தப் பக்கமா மாட்டிக்கிறேன்."

"கழட்டாதே. நான் மேலேருந்து தளர்த்தி விடுறேன்."

"கழட்டியாச்சு மாமா, பின்னலையும் எடுத்தாச்சு. எங்க விட்டேன்? ஆங், உங்க மூஞ்சி. அதைப் பார்த்துட்டு நான் என்ன செஞ்சேன்னா..."

ரேடியோ நின்றது.

"என்னடா செஞ்சே?"

பதில் இல்லை. பதிலுக்கு, அவன் மார்பில் மாட்டியிருந்த காற்றுச் சோதனைப் பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

விளக்கை அடித்துப் பார்த்தார். கூழைக் கலக்கும் இரும்பு இறக்கையின் மேல், காயப்போட்ட ஈரத்துணி மாதிரிக் கவிழ்ந்து கிடந்தான். கயிறு அவனைத் தொடாமல் காற்றில் சும்மா ஆடியது.

மாமாவின் உடம்பு பாய்ந்துவிட்டது. மூளை இன்னும் கிளம்பவே இல்லை. பாய்ந்த வேகத்தில் குட்டைக் கயிறு விண்ணென்று இழுத்தது. பட்டை விலாவில் பாய்ந்தது. மறுபடி பாய்ந்தார். மறுபடியும். முதுகுப் பக்கம் கையை முறுக்கிக் கொக்கியைத் துழாவினார். விரல் நுனிகூட எட்டவில்லை. சங்கிலியில் கட்டிய நாய் மாதிரி, தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல்தான் என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

மூச்சு வாங்கியபடி தரையில் கிடந்தபோதுதான் மூளை வந்து சேர்ந்தது. வந்ததும் ஒரே கேள்வி கேட்டது. நல்ல காற்று உள்ளே போய்க்கொண்டுதானே இருந்தது?

காற்றை உள்ளே ஊதும் புளோயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் வாயிலிருந்து தொட்டிக்குப் போகும் துணிக்குழாய் மட்டும் பாதிவழியில் செத்த பாம்பாகத் தட்டையாகிக் கிடந்தது. அதன் மேல் பழப்பெட்டிகள் அடுக்கிய ஒரு பலகை. இறக்கி வைத்தவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற பூதம். ஆளும் பூதம்போல்தான் இருப்பான்.

பெட்டியின் கீச்சொலி கேட்டு அவன் ஓடி வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். செருப்பை உதறிவிட்டு ஒரு காலை ஏணியில் வைத்தான்.

மாமா அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "எங்கடா போற?"

"விடு மாமா, செத்துருவான்."

"நீயும் சாவே. உன் எடைக்கு உன்னை எவன் தூக்குறது? பலகை குழாய் மேல நிக்குது பார். போய்த் தூக்கு."

பூதம் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று. அடுத்த கணம் வண்டியை நோக்கி ஓடினான். பலகை உயர்ந்ததும் குழாய் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தது. தொட்டிக்குள் காற்று சீறிக்கொண்டு பாய்ந்தது.

ஆனால் பெட்டி கத்துவதை நிறுத்தவில்லை.

அடைப்பெடுக்கும் நீளத் துறட்டியை எடுத்து, மேலே இழுத்த நீளக் கயிற்றின் கொக்கியை அதன் நுனியில் செருகிக்கொண்டிருந்தபோது, பேக்கிங் பகுதியிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தாள். ஏப்ரன், தலையில் வலைத்தொப்பி, கையில் அட்டைப்பெட்டி அறுக்கும் கட்டர்.

"என் தம்பி எங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் பார்த்துவிட்டாள். பிறகு, தூணில் கட்டுண்டு கிடக்கும் புருஷனைப் பார்த்தாள். கட்டரை அவர் கையில் திணித்தாள்.

"அறுங்க. போங்க."

இத்தனை நேரம் கயிறு அவருக்காக முடிவெடுத்தது. இப்போது முடிவு உள்ளங்கையில் இருந்தது. பிளேடு புதுசு. ஒரே இழுப்பில் அறுந்துவிடும். கை தன்னாலேயே இடுப்புப் பக்கம் திரும்புவதை, யாருடைய கையையோ பார்ப்பதுபோல அவர் பார்த்தார்.

வீசினார். கட்டர் பெட்டிகளுக்குப் பின்னால் எங்கேயோ போய் விழுந்தது.

"உன் தம்பின்னா போயிருப்பேல்ல?" அவள் வாயிலிருந்து வாங்க போங்க எல்லாம் பறந்துபோயிற்று. "என் தம்பிங்கிறதாலதானே படுத்துக்கிட்டு வேடிக்கை பார்க்கிறே? நகரு. நான் போறேன்."

அவர் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். அவள் அறைந்தாள். காது ரீங்கரித்தது, விடவில்லை. இன்னொரு அறை. விடவில்லை.

"அடி, எவ்வளவு வேணா அடி. ஆனா உள்ள போகாதே. அந்தச் சக்கரம் தெரியுதா? நான் சொன்னதும் சுத்து. உன் தம்பியை நீயே தூக்கு."

அவள் ஒரு கணம் அவரை வெறித்தாள். பிறகு, கயிறு சுற்றும் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்தாள். மறுபக்கம் பூதம் வந்து நின்றான்.

மாமா குப்புறப் படுத்தார். தலையும் இரண்டு கையும் உள்ளே. துறட்டியை இறக்கினார். ரேடியோவின் பட்டையில் முதுகுப் பக்கமும் ஒரு வளையம், குழந்தை வளையல் அளவு. முதல் முறை கொக்கி தோளில் பட்டு வழுக்கியது. இரண்டாம் முறை வளையத்தில் உரசிக்கொண்டு தாண்டிப் போயிற்று. கண்ணில் வேர்வை. கொக்கி நழுவுகிறதே என்று கையையே கெட்ட வார்த்தையில் திட்டினார். கை கேட்டது. டிக்.

"சுத்து."

சுற்றினார்கள். அவன் ஒரு பொம்மை மாதிரி நிமிர்ந்து, தலை தொங்க, மேலே மேலே வந்தான். வெளியே இழுத்துப் போட்டார்கள். உதடு நீலம். மாமா அவன் வாயில் வாய் வைத்து ஊதினார். மார்பு ஏறி இறங்கியது. மறுபடி ஊதினார். மறுபடி. ரேடியோ விக்கினான், இருமினான், அவர் சட்டை மேலேயே வாந்தி எடுத்தான். அக்காள் அழ ஆரம்பித்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது பூதம்தான் மாமாவின் முதுகுக் கொக்கியைக் கழற்றிவிட்டான். "உன் நிதானம் யாருக்கு வரும் மாமா? மனசா, பாறாங்கல்லா?" என்றான். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில், தம்பியின் கட்டிலருகே, நாற்றமெடுக்கும் சட்டையை மாற்றச் சொல்லி நர்ஸ் ஒரு பச்சை அங்கி கொடுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அவர் சட்டையைக் கழற்றினார்.

இடுப்பைச் சுற்றி, விலா வரைக்கும், தோல் கிழிந்து ரத்தம் கன்றியிருந்தது. பட்டையின் அகலத்துக்கு ஒன்றல்ல, மூன்று தடங்கள். ஒன்றின் மேல் ஒன்று.

அவள் எழுந்து வந்தாள். ஒரு தடத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது.

"குதிச்சீங்களா?"

"கயிறு விடலை."

"அப்புறம் கட்டர் குடுத்தேனே?"

"அதுக்குள்ள மூளை வந்திருச்சு. இல்லேன்னா அறுத்திருப்பேன்."

அவள் அறைந்த கன்னத்தைத் தடவவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அங்கியை வாங்கி, புண்ணில் படாமல் மெல்ல மாட்டிவிட்டாள். "எந்தப் பக்கம் எறிஞ்சீங்க? கம்பெனிக் கட்டர். நாளைக்குக் கேப்பாங்க."

கட்டிலிலிருந்து ஒரு கரகரப்பு. ஆக்சிஜன் மூடியை ரேடியோ ஒரு விரலால் விலக்கியிருந்தான்.

"மாமா, உங்க மூஞ்சி..."

"மூடியைப் போடுடா."

"பாதியில நிக்குதே. இந்த ஆளு ஓடிப்போற மூஞ்சின்னு தோணுச்சு. அதான் உங்க செருப்பை ஒளிச்சு வெச்சேன்."

கல்யாணத்தன்று அரைநாள் வெறுங்காலோடு அலைந்தது மாமாவுக்கு நினைவு வந்தது.

"அது நீயா?" என்றார். சிரித்தபோது விலா மூன்று இடத்தில் வலித்தது. "பேசு. நிறுத்தாதே."