பாட்டுப் பேருக்கு ஏழு பூட்டு

பூப்யோங் சந்தையின் பின்தெருவில் தாக் கிபோங்கின் சலவைக்கடை. காலையிலேயே அங்கே ஆவி பறக்கும். கிபோங் சட்டைக் காலரை இஸ்திரியால் அழுத்துவார். அவர் மனைவி சுன்ரே தையல் மெஷினில் உட்கார்ந்து கால்சட்டை நீளத்தைக் குறைத்துக்கொண்டே பாடுவாள். நல்ல குரல். துணி வாங்க வந்தவர்கள் துணி கைக்கு வந்த பிறகும் நின்று, பாட்டு முடிந்துதான் போவார்கள். கிபோங் முகம் மட்டும் அது பிடிக்காத மாதிரி இருக்கும். பிடிக்கும். முகம் அப்படி.

மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்த வீட்டுக் கோட்டு தயாராகிவிட்டது என்று வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப அதுதான். கடை ஓய்ந்த நேரத்தில் சுன்ரே இசையை மட்டும் ஓடவிட்டுக் கூடவே பாடிப் பழகவும் அதுதான். கோடை முடிகிற நேரத்தில் அதில் ஓர் அறிவிப்பு வந்தது. உள்ளே இருக்கும் விண்டோஸ் பத்துக்கு அக்டோபரோடு பாதுகாப்பு நிற்கிறது, புதியதற்கு மாறுங்கள் என்று. சரி, மாறலாம் என்று பார்த்தால், உங்கள் கம்ப்யூட்டர் புதியதைத் தாங்காது என்று அடுத்த வரி.

சந்தை முனையில் கம்ப்யூட்டர் விற்கிறவன் வந்து பார்த்தான். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றான். விற்கிறவனைக் கேட்டால் வேறென்ன சொல்வான்? மீன்காரி என்றைக்காவது தன் மீன் நாறுது என்று சொல்லியிருக்கிறாளா?

அந்த நேரம் பார்த்துக் கோட்டு வாங்க வந்தாள் பான் ஹெஜின். பின்னால் அடுக்குமாடியில் இருக்கிறவள். பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

"நல்லா ஓடுற பெட்டியை எதுக்கு அக்கா குப்பைல போடணும்? விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டுத் தரேன். மின்ட்னு ஒரு வகை இருக்கு. புதுசா பழகுறவங்களுக்குன்னே செஞ்சது. பார்க்கவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும்."

"எவ்வளவு?" என்றார் கிபோங்.

"ஓசிதான் அண்ணே."

கிபோங் இஸ்திரியைத் தூக்கி நிறுத்தி வைத்தார். "ஓசியா? ஓசின்னா சலவைக் காரத்தையும் குடிப்பான்னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க? செஞ்சவன் எவன்? அவனுக்கு என்ன லாபம்?"

"ஊர் உலகத்துல நிறையப் பேர் சேர்ந்து செஞ்சது அண்ணே. எப்படிச் செஞ்சோம்னு திறந்தே வச்சிருக்காங்க. யார் வேணா பார்க்கலாம்."

"திறந்து வச்ச வீட்டுல திருடன்தான் முதல்ல வருவான்."

"நீங்க இஸ்திரியைப் பாருங்க" என்றாள் சுன்ரே. "ஹெஜின், நீ போடு. இவரு கல்யாணத்தன்னிக்கு எங்கப்பாவையே நம்பல."

ஹெஜின் பழைய படங்களையும் பாட்டுகளையும் தனியே எடுத்து வைத்துவிட்டு லினக்ஸைப் போட்டாள். முதல் நாள் கொரிய எழுத்து வரவில்லை, ஆங்கில எழுத்தாகவே வந்தது. "பார்த்தியா!" என்று கிபோங் துள்ளினார். ஹெஜின் எங்கேயோ ஒரு இடத்தில் மாற்றினாள், வந்துவிட்டது. அச்சு மெஷின் யாரும் சொல்லாமலே வேலை செய்தது. வாடிக்கையாளருக்குச் செய்தி போனது. பாட்டுக்கு இசை ஓடியது. சுன்ரேக்கு இரண்டே நாளில் கை பழகிவிட்டது. கிபோங் மட்டும் எப்போது வெடிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அது வெடிக்கிற வழியாகத் தெரியவில்லை.

சூசொக் அறுவடைப் பண்டிகை நெருங்கியது. வருஷா வருஷம் பௌர்ணமி அன்று வட்டார அலுவலக முற்றத்தில் பாட்டுப் போட்டி நடக்கும். சுன்ரே வருஷா வருஷம் கீழே நின்று கை தட்டிவிட்டு வருவாள். இந்த வருஷம் ஒரு நாள் சோறு தின்னும்போது திடீரென்று சொன்னாள்.

"நான் மேடை ஏறப் போறேன்."

கிபோங் முள்ளங்கிக் கிம்சியைக் கடித்தபடி அவளைப் பார்த்தார். "ஏறு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்ததே பெரிது. அவளுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஆனால் இந்த வருஷம் வட்டார அலுவலகம் ஒரு நாகரிகம் செய்திருந்தது. பேர் கொடுப்பது இணையத்தில் மட்டும், அதுவும் கம்ப்யூட்டரில் மட்டும். செல்போனில் திறந்தால் கம்ப்யூட்டரில் வா என்றது. வெள்ளிக்கிழமை மாலையோடு கடைசி.

வெள்ளி மதியம் சுன்ரே உட்கார்ந்தாள். பக்கம் திறந்தது. பேர் எழுதும் கட்டம் வருவதற்கு முன் இன்னொன்று வந்தது. பாதுகாப்புக்காகக் கீழ்க்கண்ட ஏழு புரோகிராம்களை ஏற்றுங்கள். ஏழும் விண்டோஸுக்கு மட்டும் செய்தவை. ஒன்றை இறக்கினாள், தட்டினாள். எதுவும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாள். கல்லைத் தட்டினாற்போல் இருந்தது. ஹெஜினைக் கூப்பிட்டால் அவள் பள்ளிக்கூட வேலையில் போனை எடுக்கவில்லை.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?" கிபோங்குக்குக் கோபம் பாதி, கொண்டாட்டம் பாதி. "ஓசி மாடு ஏர் உழுமா?"

சுன்ரே எழுந்தாள். மெஷினில் போய் உட்கார்ந்தாள். தைத்தாள். பாடவில்லை. துணி வாங்க வந்த ஒரு அம்மா, "என்ன அக்கா, தொண்டை சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த மௌனத்தைக் கிபோங்கால் கால்மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை. "கிளம்பு" என்றார். "பிசி பாங்குக்குப் போவோம். அங்க எல்லாம் விண்டோஸ்தான்."

தெருமுனையில் இருந்தது பிசி பாங், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக் கம்ப்யூட்டரில் உட்காரவிடும் கடை. பையன்கள் காதில் பெரிய கேட்பான் மாட்டிக்கொண்டு திரையில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். ராம்யொன் நூடுல்ஸ் வாசனை. காசு கட்டி, பந்தயக் கார் இருக்கை மாதிரி ஒன்றில் சுன்ரே உட்கார, அவள் கால் தரையைத் தொடவில்லை. கிபோங் பக்கத்தில் காவல்காரர் மாதிரி நின்றார்.

ஏழு புரோகிராமும் ஏறின. ஒவ்வொன்றுக்கும் "சரி" என்று தட்டச் சொன்னது, தட்டினாள். கடைசியில், கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள் என்றது. அணைத்துப் போட்டார்கள். பக்கத்தைத் திறந்தார்கள். பாதுகாப்புக்காகக் கீழ்க்கண்ட ஏழு புரோகிராம்களை ஏற்றுங்கள்.

"இப்பத்தானே ஏத்தினோம்!"

கல்லாவில் ராம்யொன் கிண்டிக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "இங்க அணைச்சுப் போட்டா புதுசா ஏத்தினதை எல்லாம் மறந்துடும் அம்மா. அப்படித்தான் வச்சிருக்கோம். இல்லன்னா இந்தப் பசங்க கண்டதையும் ஏத்தி நாசம் பண்ணிடுவாங்க."

ஏற்றினால் அணைக்கச் சொல்லும். அணைத்தால் மறந்துபோகும். மறந்தால் ஏற்றச் சொல்லும். இரண்டாம் தடவையும் அதேதான். மூன்றாம் தடவை கிபோங்கே "சரி"யைத் தட்டக் கை நீட்டினார்.

"ஏங்க" என்றாள் சுன்ரே. "ஹெஜின் ஒண்ணு போட்டதுக்கு அவ குலம் கோத்திரம் எல்லாம் கேட்டீங்களே. இந்த ஏழு யாரு செஞ்சது, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கிபோங் கை அப்படியே நின்றது. கேட்கவில்லை. இன்றைக்கு மட்டுமா? பாங்கிக்கும் வரிக்கும் இத்தனை வருஷமாக வந்ததற்கெல்லாம் சரி சரி என்று தட்டியவர் அவர்தான். பெட்டி மெதுவாகப் போகிறது என்று பெட்டியைத் திட்டியவரும் அவர்தான்.

"இது விண்டோஸ்தானே?" என்று கல்லாப் பெண்ணைக் கேட்டார்.

"சுத்தமான விண்டோஸ்."

"அப்போ கோளாறு நம்ம பெட்டியில இல்ல. எந்திரி."

வட்டார அலுவலகத்தில் யுக் என்ற எழுத்தர் இருந்தார். நாற்பது வயது, சாது. அவர் கோட்டுகள் எல்லாம் கிபோங் கடையில்தான் வெளுக்கும்.

"வாங்க ஐயா. கோட்டு ரெடியா?"

"கோட்டு இருக்கட்டும். போட்டிக்குப் பேர் குடுக்க என்னென்ன கேக்குறீங்க?"

"பேர், வீட்டு நம்பர், பாடப்போற பாட்டுப் பேர். அவ்வளவுதான்."

"இந்த மூணுக்கு ஏழு பூட்டா? என் பொண்டாட்டி பாடப்போற பாட்டுப் பேரை எவன்யா திருடிட்டுப் போகப் போறான்? திருடினாலும் அவ மாதிரி பாடுவானா?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யுக் நெளிந்தார். "நம்ம இணையப் பக்கத்துல எல்லாத்துக்கும் அதே முறை ஐயா. வரிக்கும் அதேதான், பாட்டுக்கும் அதேதான். யாரும் யோசிக்கல."

"இதுவரைக்கும் எத்தனை பேர் குடுத்திருக்காங்க?"

யுக் திரையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "நாலு பேர். போன வருஷம் இடமில்லாம ஆளைத் திருப்பி அனுப்பினோம். இந்த வருஷம் ஜனங்களுக்குப் பாட்டுல ஆசை போயிடுச்சு போலன்னு மேல எழுதி அனுப்பிட்டேன். போட்டியையே நிறுத்திடலாம்னு இருக்காங்க."

"ஆசை போகலய்யா. கதவு திறக்கல" என்றாள் சுன்ரே. வீட்டுக்கு வெளியே அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

யுக் திரையை மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய் மேலதிகாரியிடம் ஏதோ சொன்னார். திரும்பி வரும்போது கையில் ஒரு வெள்ளைத்தாள். அதை வாசல் மேசையில் வைத்துப் பேனாவையும் வைத்தார். "திங்கட்கிழமை வரைக்கும் நேர்ல வந்து எழுதலாம். அந்த ஏழு புரோகிராமையும் இந்தப் பக்கத்துலேர்ந்து எடுக்கச் சொல்லி எழுதிப் போடுறேன். முதல் பேர் நீங்களே எழுதுங்க அம்மா."

அன்று சாயங்காலமே சந்தை முழுக்கச் செய்தி பரவியது. வெங்காயக்காரி வந்தாள், செருப்புக்கடைக்காரர் வந்தார், மூட்டு வலி என்று படுத்திருந்தவரும் வந்தார். பௌர்ணமி அன்று முற்றம் கொள்ளவில்லை. சுன்ரே நீல ஹன்பொக் உடுத்தி மேடை ஏறினாள். முதல் வரியில் குரல் நடுங்கியது. இரண்டாம் வரியில் இஸ்திரிச் சூட்டுக்கு முன்னால் பாடுகிற அதே சுன்ரே வந்துவிட்டாள். மூன்றாம் பரிசுதான். முதல் பரிசு வெங்காயக்காரிக்கு. அது நியாயமும்கூட.

கீழே கிபோங் கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்து நின்றார். செருப்புக்கடைக்காரர் அவர் காதோடு கேட்டார். "அண்ணே, என் பெட்டியும் பழசு. அந்த ஓசி சமாசாரத்தை நம்பிப் போடலாமா? விண்டோஸ் செய்யறதை எல்லாம் அது செய்யுமா?"

கிபோங் வழக்கமான முகத்தோடுதான் பதில் சொன்னார்.

"நம்மளை மாதிரி ஆளுக்குப் பத்துல ஒன்பது வேலைக்கு அது தாராளமாப் போதும். பத்தாவது வேலை நின்னா, உடனே பெட்டியைத் தூக்கி எறியாதே. எந்த வாசல்ல நின்னுச்சோ அங்க போய்க் கதவைத் தட்டு. ஊருக்குப் பொதுவான கதவு ஒருத்தன் கடைச் சாவிக்கு மட்டும்தான் திறக்கும்னா, தப்பு உன் சாவில இல்லய்யா, பூட்டுல இருக்கு. நான் ஓசியாக் குடுத்தவளைச் சந்தேகப்பட்டேன், 'சரி'யைத் தட்டுன்னு சொன்னவனை எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு நம்பினேன். நீயாவது மாத்திச் செய்."