பழைய கடையிலிருந்து நாலு மைல்

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் காப்பகத்திலிருந்து வந்த வெர்லீன் பதினோரு நாளாக எங்கள் பள்ளத்தாக்கில் அலைந்தாள். இங்கே மட்டும் பூத்த ஒரு ஊதாப் பூவைத் தேடினாள். கையில் 1931-ஆம் வருடத்துத் தாளின் நகல்: ‘கடையிலிருந்து மேல்நோக்கி நாலு மைல்.’ திங்கட்கிழமை ஊர்க்கூட்டத்துக்குள் பூ கிடைக்காவிட்டால், செடி அழிந்துவிட்டதென்று எழுதிவிட்டு, சுற்றுலா வண்டிப் பாதையை எங்கள் ஊற்றின் மேல் போடுவார்கள். ஆர்டித் சின்னம்மாவின் ஆடுகளுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டபடி வெர்லீன் கைவிரித்தாள். கடையிலிருந்து நாலு மைல் போய்விட்டாளாம், மணல்தானாம்.

அவள் கேட்டபோதெல்லாம் ஊரே இப்போதைய கடையைத்தான் காட்டியது. பழைய கடை இரண்டு மைல் மேலே இருந்தது. 1938 வெள்ளத்தில் அது போய்விட்டது, கடைக்காரரும் போனார், புகைபோக்கி மட்டும் நிற்கிறது. இறந்தவர் இடம் என்பதால் யாரும் அங்கே போவதில்லை, அதைப் பேசுவதுமில்லை. ஆடு தேடிப் போன நான் மட்டும் போயிருந்தேன். அதற்கும் மேலே, சிவப்புப் பாறையடியில் பார்த்த ஊதாப் பூவை யாரிடமும் சொல்லவில்லை, நோட்டில் எழுதினேன்.

வகுப்பில் சத்தமாக வாசிக்க வராமல்தான் பள்ளியை விட்டேன். இப்போதும் வாய் வரவில்லை. நோட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

சின்னம்மா படித்தார்.

“அங்க போனியா?”

தலையாட்டினேன்.

“வாய்தான் வீட்ட விட்டு வெளிய வராது. காலு எங்கெங்க போயிருக்கு பாரு,” என்றார். பிறகு வெர்லீனிடம் திரும்பி, “விடியக்காலையில கெளம்பலாம். அந்தப் புகைபோக்கியச் சுத்தி, தூரமாப் போவோம்.”

மறுநாள் நோட்டில் இருந்த சிவப்புப் பாறையின் அடியில் ஊதா விரிந்திருந்தது. வெர்லீன் மண்டியிட்டு எண்ணினாள், அறுபத்து மூன்று செடிகள். சின்னம்மா எங்கள் வழக்கப்படி முதல் செடிக்கு மக்காச்சோள மகரந்தம் தூவி வணங்கினார். அதை யாரும் தொடக்கூடாது. தள்ளி நின்ற இரண்டை மட்டும் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்தோம்.

கூட்டத்தில் பாதை போட வந்தவர் வெர்லீனிடம் கேட்டார்: “யாரு பாத்தது?”

எழுந்தேன். சின்னம்மா நோட்டின் மறுமுனையைப் பிடித்திருந்தார். தேதி, இடம், எண்ணிக்கை. ஒவ்வொன்றாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

பாதை பள்ளத்தாக்கின் மறுபக்கம் போயிற்று. வெர்லீன் புதுத் தாளில் பூவை ஒட்டி, கீழே எழுதினாள்: ‘பழைய கடையிலிருந்து நாலு மைல். சேகரித்தவர்: லவீட்டா பிட்சிலி.’

அது நான்.