ஏரியைச் சுற்றப் போனவர்

ஏரிக்கரைப் பாதை திறந்த அன்று காலை அதை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சைக்கிளில் போன, சாலையில் கோடு போடுகிறவர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்த அவர் மகள் இப்போது தபால் நிலையத்தில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டாள். பாதை தார் போட்டது. ஏரியை முழு வட்டமாகச் சுற்றி, புறப்பட்ட வாசலிலேயே கொண்டுவந்து விடும். ஒரு பக்கம் தண்ணீர் கூடவே வரும். மறுபக்கம் பழைய சுங்கச்சாவடி, வாயில் குருவி கூடு கட்டிய பீரங்கி, கூரை போன காவல் கோபுரம், ஏதோ ஓர் அரசன் தோற்று ஓடிய பாலத்தில் மிச்சமிருக்கும் ஒற்றை வளைவு. பலகையில் தோற்றவன் பெயர் இருக்கிறது. ஜெயித்தவன் பெயரை வெயில் தின்றுவிட்டது.

நடக்கிறவர்களும் சக்கரக்காரர்களும் முட்டிக்கொள்ளக் கூடாதென்று நகராட்சி ஒரு விதி செய்திருந்தது. நடப்பவர்கள் ஏரியை வலமாகச் சுற்ற வேண்டும், சக்கரம் உள்ளவை இடமாக. நடுவில் மஞ்சள் கோடு. கோடு, அம்புக்குறிகள், வாசலில் விதி எழுதிய பலகை, எல்லாமே அவர் கைவேலை. கடைசி அம்பு காய்வதற்குள், சட்டைக்கையில் பெயிண்டோடு, "ஒரே ஒரு சுத்து, வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். திரும்ப வாசலுக்கு வந்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. உள்ளே நுழைய அம்பு போட்டிருந்தார், சுற்றிவரப் போட்டிருந்தார், வெளியே போகப் போட மறந்திருந்தார். வேறு எவராக இருந்தாலும் ஹேண்டிலைத் திருப்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். இவர் அம்பைப் பார்த்தார், அது காட்டிய வழியே போய்விட்டார். மறித்துப் பார்த்த போலீஸ்காரர்களின் கை சைக்கிளில் பட்டது, ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. "ஊர்ல ஆம்பளைங்க பெண்டாட்டி கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டாங்க, எனக்கு வாய்ச்சது தான் போட்ட கோட்டையே தாண்டாது" என்று மனைவி சொன்னாள். அன்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நகராட்சி வேறோர் ஆளைக் கூட்டிவந்து, வெளியே போகும் அம்பு ஒன்று போட வைத்தது. அவர் சைக்கிளில் கடந்து போகையில் குனிந்து பார்த்து, "கோணல்" என்றார். அம்பென்றால் அவருக்கு அம்பாக இருக்க வேண்டும். மனைவி தையல்காரி, துணியில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் நேராக வரும் கை. அவளே டேப்பும் சாக்கட்டியும் பிரஷ்ஷும் எடுத்துப்போய் வாசலில் மண்டியிட்டு வரைந்தாள். துணிக்குப் பழகிய கை தாரில் கோணலாக இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு மழையும் அழித்துவிட்டுப் போக, அவள் மறுபடி வரைவாள். "பரவால்ல, போன தடவைக்கு இது தேவலை" என்று சொல்லிவிட்டு அவர் போய்க்கொண்டே இருப்பார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், என்ன செய்வது.

ஆகவே அவள் நடக்கப் போனாள். வேலை முடிந்ததும் மெஷினை மூடிவிட்டு வலமாக நடப்பாள், எதிரே அவர் வருவார். மஞ்சள் கோட்டின் இரு பக்கமும் ஒருவரையொருவர் கடக்கிற நேரத்தில் ஒரு வாக்கியம்தான் பேச முடியும். பீரங்கியருகே கேட்ட கேள்விக்கு, அவர் ஒரு சுற்றுப் போய் வந்து, பாலத்தருகே பதில் சொல்வார். குடும்பம் அப்படியே நடந்தது. மகளின் படிப்பைக் கோபுரத்தடியில் தீர்மானித்தார்கள். அவள் கல்யாணப் பேச்சுக்கு ஏரி முழுக்கத் தேவைப்பட்டது. வீட்டுக் கூரையை மாற்றுவது பற்றி ஒரு சண்டை மழைக்காலம் தாண்டியும் நீண்டது. இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவர்கள் பீரங்கியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "இங்கதான் அந்தம்மா கோவிச்சுக்கிட்டது" என்று தார்ச்சாலையைக் காட்டுகிறார்கள். அவளுக்கோ வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. எதிரே வந்து எதிரே போகாமல், கொஞ்ச தூரம் அவர் பக்கத்திலேயே, ஒரே திசையில் போக வேண்டும். கோட்டைத் தாண்டிக் கூடவே ஓடிப் பார்த்தாள், செருப்பு அறுந்தது. சைக்கிள் கற்றுக்கொள்ளப் போய் வேலியில் விழுந்தாள். "பேசாம நடந்தே வா, எலும்பாவது மிஞ்சும்" என்றார் அவர், அடுத்த சுற்றில்.

அவருக்கு அது இன்னும் முதல் சுற்றுதான். சட்டைக்கைப் பெயிண்ட் காயவே இல்லை, முகத்தில் ஒரு கோடு விழவில்லை. ஒரு நாள் சுங்கச்சாவடிப் பக்கம் அவளைக் கடக்கும்போது, "தலையில வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கு பாரு, துடைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அங்கேயே நின்று முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே அழுதாள். பிறகு சில நாள் போகவில்லை. போனபோது, "ஏன் காணோம்?" என்றார். "முழங்கால் வலிங்க" என்றாள் பாலத்தருகே. அதுவும் பொய்யில்லை.

முழங்கால் அடியோடு ஓய்ந்துவிட்ட வருஷம் மகள் ஒரு சக்கர நாற்காலி வாங்கினாள். அதில் அம்மாவை உட்கார வைத்து, வழக்கம்போல நடைபாதைப் பக்கம் தள்ளினாள். வாசல் காவலாளி கை காட்டி நிறுத்தினார்.

"சக்கரம் வெச்சதெல்லாம் அந்தப் பக்கம்மா."

"வயசானவங்க சார், இத்தனை வருஷமா இந்தப் பக்கம்தான் வர்றாங்க."

"எனக்கென்ன, போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு."

தையல்காரி நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். புருஷன் கையெழுத்து. "சக்கரம் உள்ளவை இடமாக." தினம் பார்த்த எழுத்து. "அட பாவி மனுஷா, எழுதி வெச்சுட்டுத்தான் போயிருக்கீங்க" என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். மகள் நாற்காலியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் திருப்பினாள். பீரங்கியைத் தாண்டியதும் பின்னாலிருந்து மணிச்சத்தம் கேட்டது, நாற்காலியின் பிடி அவள் கையை விட்டு மெல்ல நழுவியது. சைக்கிளும் நாற்காலியும் ஒரே வேகத்தில், பக்கம் பக்கமாகப் போயின. அப்பா ஏதோ சொன்னார், அம்மா பதில் சொன்னாள், அதற்கு அவர் பதில் சொன்னார், இவள் மறுபடி. பேச்சு நிற்கவே இல்லை. அம்மாவின் கை அந்த ஈரச் சட்டைக்கையைப் பிடித்திருந்தது. மகள் வாசலில் காத்திருந்து, சுற்றி வந்தவர்களைப் பார்த்து, "அம்மா, வா, வீட்டுக்குப் போலாம்" என்று கத்தினாள்.

"ஒரே ஒரு சுத்துடி, வந்துடறோம்" என்றாள் அம்மா.

அதன் பிறகு வாசலில் யாரும் அம்பு வரையவில்லை. நகராட்சி மற்ற கோடுகளையெல்லாம் புதுப்பிக்கிறது, அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறது. சாயங்காலங்களில் தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு மகள் வலமாக நடக்கிறாள். எதிரே இருவரும் வருகிறார்கள். "சாப்டீங்களா?" என்று பீரங்கியருகே கேட்பாள், "ஆச்சு, நீ சாப்டியா?" என்று பாலத்தருகே வரும். போன வாரம் கோபுரத்தடியில் அம்மா நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி, தலையில வெள்ளையா ஒட்டியிருக்கு, துடைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் கைக்குட்டையை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டு, பாலத்தை நோக்கி நடந்தாள்.