சங்கையா கொளுத்திய லைசென்ஸ்

லைசென்ஸைத் தீச்சட்டிக்குள் சங்கையா போட்டதும், சிவகாசி மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

1961, வைகாசி மாதம். தேர்தலுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. விருதுநகர் வக்கீல் தனுஷ்கோடி, புதிதாக முளைத்த கட்சிக்காக ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பருத்தி ஏத்த பர்மிட்டு, மில்லு வைக்க லைசென்ஸு, தீக்குச்சி மருந்துக்குக் கோட்டா! தும்முறதுக்குத்தான் இன்னும் அரசாங்கம் கோட்டா வைக்கலை. செய்றவன் செய்யட்டும், வாங்குறவன் வாங்கட்டும். நடுவுல சர்க்காருக்கு என்னய்யா ஜோலி?"

சங்கையாவுக்குத் தன் வயிற்றெரிச்சலை யாரோ மைக்கில் சொல்வது போலிருந்தது. ஆமத்தூரில் பதினோரு பெண்களை வைத்து ஒரு சின்னத் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவன் அவன். லைசென்ஸுக்காக மூன்று வருஷம் வராந்தா வராந்தாவாக நின்றவன். குச்சி முனைக்குப் போடும் குளோரேட் மருந்து, கோட்டாவில் பாதி மாதத்துக்குத்தான் காணும். மீதி நாளெல்லாம் ஆபீஸ் பூட்டுத்தான்.

"இந்த அடிமைச் சீட்டைக் கொளுத்துங்க!" என்றார் வக்கீல்.

பெரிய முதலாளிகள் முப்பது பேர் வரிசையாக வந்து ஆளுக்கொரு காகிதத்தைப் போட்டார்கள். கடைசியாக வந்த சங்கையா, சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்ததைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தான். மேடையிலேயே ஆணியைப் பிடுங்கி, கண்ணாடியை உருவி, காகிதத்தை எடுத்தான். வக்கீல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் அவன் பேர் வந்தது.

ஐந்தாம் நாள் மருந்து வாங்க, கோட்டா வழங்கும் சர்க்கார் ஆபீஸுக்குப் போனான். லைசென்ஸைக் காட்டச் சொன்னார்கள்.

"கொளுத்திட்டேன்லா? நான் மட்டுமா, எல்லாருந்தான."

"அவுக லைசென்ஸெல்லாம் காலையிலயே வந்து, லோடும் ஏத்திட்டுப் போயாச்சு அண்ணாச்சி."

சங்கையா ஒன்றும் விளங்காமல் ஆபீஸ் வாசலுக்கு வந்தான். அங்கே மனு டைப் அடித்துக் கொடுக்கும் தேவாசீர்வாதம் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"மீட்டிங்குக்கு முந்தின நாள் எனக்கு விரலே வீங்கிப்போச்சு சங்கையா. முப்பது நகல்! அசலை ஒருத்தரும் பெட்டிய விட்டு எடுக்கலை. உம்மத்தான் காணோமேன்னு பார்த்தேன். பெறகு பேப்பர்ல பார்த்தேன்."

"நகல் அடிக்கணும்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"இதெல்லாம் சொல்லுவாகளா?"

"வேற லைசென்ஸு கேட்டா?"

"தொலைஞ்சு போச்சுன்னா எழுதிக் கேக்கலாம். நீரு கொளுத்தினதை ஊரே பார்த்திருக்கு, பேப்பரும் போட்டிருக்கு. என்னன்னு எழுதச் சொல்றீரு?"

அன்றே பஸ் ஏறி விருதுநகர் போனான். வக்கீல் எழுந்து நின்று வரவேற்றார், காப்பி வரவழைத்தார். சங்கையா சொல்லி முடித்ததும் சிரித்தார்.

"லைசென்ஸே கூடாதுன்னு பேசுற நான், லைசென்ஸுக்குச் சிபாரிசு பண்ணலாமா? ஊரு சிரிக்காதா? பொறும். நாம செயிச்சு வந்தா, ஒமக்கு அது தேவையே இருக்காது."

"அதுவரைக்கும் பதினோரு குடும்பம் கஞ்சிக்கு என்னய்யா செய்யும்?"

வக்கீல் கொஞ்சம் யோசித்தார். "எங்க மச்சான் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சியைக் கட்டையில அடுக்க ஆளு வேணும்னான். ஒம்ம பொம்பளைகளை அனுப்பும். நீரும் மருந்து முக்குற வேலைக்குப் போம். ஒண்ணே ஒண்ணு, நான் கூப்பிடுற மீட்டிங்குக்கு மட்டும் வந்து மேடையில நிக்கணும். தியாகின்னா ஒம்மளை மாதிரில்லா இருக்கணும்!"

வீட்டில் அவன் பெண்டாட்டி செல்லத்தாய் வெறும் கண்ணாடிச் சட்டத்தைக் காட்டி, "இதையும் அந்தச் சட்டியிலயே போட்டுட்டு வந்திருக்கலாம்லா?" என்றாள்.

அடுத்த வாரமே பதினோரு பேரும் வக்கீலின் மச்சான் ஆபீஸில் உட்கார்ந்து கட்டை அடுக்கினார்கள். சங்கையாவுக்கு வந்துகொண்டிருந்த மருந்துக் கோட்டாவும் அதே ஆபீஸுக்குப் போய்விட்டதாகப் பேச்சு. "ஏ முதலாளி, நம்ம ரெண்டு பேருக்கும் இப்ப வேலைக்கு ஊதுறது ஒரே சங்குதான்!" என்று அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான ராக்காயி சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான்.

கார்த்திகை வருவதற்குள் டீக்கடையில்கூட வக்கீலின் பேச்சுத்தான். "நடுவுல சர்க்காருக்கு என்ன ஜோலி?" என்று கேட்டுக்கொண்டே டீ ஆற்றினார்கள். சங்கையா எட்டு மேடை ஏறி இறங்கியிருந்தான்.

ஒன்பதாவது மேடை வெம்பக்கோட்டையில். லைசென்ஸைக் கொளுத்த வந்த வரிசையின் கடைசியில் கோட்டைச்சாமி என்கிற சின்னப் பட்டாசுக்காரன் நின்றான். கக்கத்தில் கண்ணாடிச் சட்டம். பழைய வேட்டியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான்.

சங்கையா மேடையிலிருந்து குனிந்தான். "ஏலே, அது நகலா?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டீக? அசலு! ஒங்களைப் பார்த்துத்தான் எனக்கே துணிச்சல் வந்துச்சு."

சங்கையா வாயைத் திறந்தான். மேடைக்குப் பக்கத்தில், மச்சான் ஆபீஸ் லாரியில் ஏற்றிவந்த கூட்டம் நின்றது. முன்வரிசையில் ராக்காயி. பக்கத்தில் மற்ற பத்துப் பேரும். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோளில் வக்கீலின் கை விழுந்தது.

"நம்ம தியாகி கையாலேயே பத்த வைக்கட்டும்!"

உள்ளங்கையில் ஒரு தீப்பெட்டி வந்து உட்கார்ந்தது. மச்சான் கம்பெனி லேபிள். குச்சி முனையைப் பார்த்தான். வலது பக்கம் கொஞ்சம் தடிப்பாக மருந்து பிடித்திருந்தது. அவன் கையால் முக்கின குச்சிதான். அவன் முக்கினால் அப்படித்தான் பிடிக்கும்.

கோட்டைச்சாமி பல்லால் ஆணியைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

சங்கையா குச்சியை உரசினான். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.