கூட்டினால் ஏழரை

டென்னிஸ் கிளப் அலுவலக மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, நானும் என் மனைவியும் ஒருவர் தரத்தை மற்றவர் எழுதிக்கொண்டிருந்தோம். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கூத்து இது. அவரவர் தரத்தை அவரவரே போட்டால் எல்லாரும் சூரர்களாகிவிடுகிறார்கள் என்பதால், கூட ஆடுபவர்தான் போட வேண்டும் என்று விதி. ஜோடியின் கூட்டுத்தொகை ஏழைத் தாண்டக் கூடாது; தாண்டினால் சேர்ந்து ஆட முடியாது. பதினொரு வருடமாக நாங்கள் ஆளுக்கு மூன்றரை.

மூன்றரை என்றால் மிதமான வேகத்தில் வரும் பந்தைத் தவறாமல் திருப்பி அனுப்புபவர். இரண்டரை என்றால் பந்து எங்கே விழும் என்று கணிக்கக் கற்றுவருபவர். படிவத்தில் எல்லாமே ஏறுமுகம்தான். கற்றதையெல்லாம் கை மறந்துகொண்டு வருபவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அவள் பல் டாக்டர். போன வருடம் வலது கை நடுங்கத் தொடங்கியது. நோயாளிகளிடம் தோள்வலி என்று சொல்லி கிளினிக்கை மூடினாள். அந்த நோயின் பெயரை வீட்டில் நாங்கள் சொல்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ஆடும் இந்த ஆட்டம்தான் அவளுக்கு மிச்சம். அதுவும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அவள் ஒரு பந்தை விட்டால் அடுத்ததை நான் வலையில் அடித்துவிடுவேன். தோற்றால் இருவராலும் தோற்றதாக இருக்கட்டுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், மறைந்துவிட்டதாகவே நம்பியிருந்தேன்.

கூசாமல் அவளுக்கு மூன்றரை போட்டுக் கொடுத்தேன். செயலாளர் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தார்.

“டாக்டரம்மா, சாருக்கு நாலு போட்டிருக்கீங்க. கூட்டினா ஏழரை வருது. வேணும்னே ஏழரையைக் கூட்டுறீங்களா?”

அவள் சிரிக்கவில்லை.

“நாலுதான் சரி. நினைச்ச இடத்துல அடிக்கிறவங்களுக்கு நாலுன்னு போட்டிருக்கு. இவரு வலையில அடிக்கணும்னு நினைச்சா கரெக்டா வலையிலேயே அடிக்கிறாரு.”

“அது ஏதோ கை தவறி…” என்றேன்.

“கை தவறுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாங்க?”

செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, ஜோடியைப் பிரிப்பதற்கான தாளைத் தேடி எடுத்து மேசையில் வைத்தார்.

“இனிமே நீ யார்கூட ஆடுவே?” என்று அவளைக் கேட்டேன்.

“நான் ஆடல. நீங்க ஒழுங்கா ஆடுறத வெளியே உட்கார்ந்து பாக்கணும். பாத்து ஒரு வருஷமாச்சு.”

பேனாவை எடுத்தாள். கை நடுங்க நடுங்கத் தாளும் நகர்ந்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கையெழுத்துக் கட்டத்தின் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தேன். அவளுடைய பெயரின் கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி என் நகத்தின் மேல் ஏறியது. நான் விரலை எடுக்கவில்லை.