ஒற்றை விரல் மின்னல்

அந்த அலுவலகத்தில் அவனுக்கு மின்னல் என்று பேர். மற்றவர்கள் நாற்பது வரிக்கு இழுத்துக்கொண்டு போகிற கம்ப்யூட்டர் நிரலை அவன் மூன்றே வரியில் முடித்துக் கொடுப்பான். என்ன தெளிவு, என்ன சிக்கனம் என்று மேலாளர் கூட்டத்துக்குக் கூட்டம் புகழ்வார். தெளிவாவது மண்ணாவது. மின்னலுக்கு டைப் அடிக்க வராது, அவ்வளவுதான் விஷயம். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் உழைக்கும். மிச்சம் ஒன்பதும் வேடிக்கை பார்க்கும். ஒரு விரலால் நாற்பது வரி அடிக்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு மணி நேரம் மோட்டுவளையைப் பார்த்து யோசித்து, மூன்று வரியாகச் சுருக்கிவிடுவான்.

பள்ளி விடுமுறையில் அக்காவோடு டைப்பிங் வகுப்புக்குப் போகச் சொன்னார் அப்பா. அக்கா உட்காருகிற வகுப்பில் நானா என்று வீம்பு பிடித்து வீட்டிலேயே கிடந்தான். அந்த வீம்புக்குத்தான் இன்றைக்கும் மூலை மேசையாகப் பார்த்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அக்கா. போன் செய்தால், விரல் சௌக்கியமா, உன் ஆபீஸில் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மேலாளர் கல்லைத் தூக்கிப் போட்டார். வேறு ஊர்க் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்ணோடு மின்னல் சேர்ந்து நிரல் எழுத வேண்டும். சர்வரில் ஒரே ரிமோட் டெஸ்க்டாப். இருவரும் அவரவர் ஊரிலிருந்தே அதற்குள் நுழைந்து, ஒரே திரையைப் பார்த்தபடி, மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் மற்றவர் கண்ணெதிரே விழும். அதை அமைக்கிற வேலையும் மின்னலுக்கே. வெள்ளிக்கிழமை தானும் உள்ளே வந்து பார்ப்பதாகவும், பார்த்துவிட்டுக் குழுத் தலைவர் யாரென்று முடிவு செய்வதாகவும் சொன்னார். மூன்று வருஷமாக மின்னல் கண் வைத்திருந்த பதவி அது.

முடிந்தமட்டும் இழுத்தடித்தான். முதல் நாள் பாஸ்வேர்டைத் தப்பாக அனுப்பினான். அடுத்த நாள் அவளுக்கு மட்டும் அடிக்க அனுமதி கொடுத்துவிட்டு, தனக்கு ஏனோ பார்க்க மட்டும்தான் முடிகிறது என்று பச்சைப் பிள்ளை மாதிரி சொன்னான். அந்த ராட்சசி அரை மணி நேரத்தில் அமைப்பைத் துருவிப் பார்த்துச் சரிசெய்து, இப்போது அடித்துப் பாருங்கள் சார் என்றாள்.

அடித்தான். ஒரு எழுத்து விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று விழுந்தது. லைன் ரொம்ப ஸ்லோ என்று கூசாமல் புளுகினான். அவள் அடித்துப் பார்த்தாள். மடமடவென்று வரிகள் கொட்டின. அப்படியானால் கோளாறு உங்கள் பக்கம்தான், இந்த லைனை வைத்துக்கொண்டா இத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்று உருகிப்போய், அவனுடைய அலுவலகத்து நெட்வொர்க்காரருக்கே புகார் அனுப்பிவிட்டாள். நல்ல எண்ணம் படைத்தவர்களிடம் இதுதான் தொல்லை.

வெள்ளிக்கிழமை காலை நெட்வொர்க்காரர் வந்தார். மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய்க் கேபிளை மாற்றினார். அடித்துப் பாருங்கள் தம்பி என்றபடியே தலையை வெளியே நீட்டியபோது, அவருடைய மூக்குக்கு நேரே அந்த விரல் அந்தரத்தில் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது. விரலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். ஸ்பீக்கரில் அந்தப் பெண், என்ன சார் கோளாறு என்று கேட்டாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு மேடம். இங்க ஒரு விரல்தான் வேலைக்கு வந்திருக்கு. மத்ததெல்லாம் லீவு."

முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். மின்னலின் மானம் கப்பலேறியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பாவம் என்று தோன்றியதோ என்னவோ, நீங்கள் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன் என்றாள்.

அங்கேதான் வந்தது வினை. விரல் வலிக்காது என்று தெரிந்ததும் மின்னலுக்கு வாய் திறந்துகொண்டது. இதையும் சேர்த்துக்கொள், அதையும் எதற்கும் ஒரு தடவை சோதித்துவிடு என்று அள்ளிவிட்டான். மதியத்துக்குள் அறுபது வரி. ஒன்றும் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"சார், நீங்க வாயால எழுதினா என்னைவிட மோசம்" என்றாள் அவள். "நீங்களே அடிங்க. நான் காத்திருக்கேன்."

மின்னல் வெகுநேரம் யோசித்தான். அறுபது வரியையும் அழித்தான். விரல் கிளம்பியது. இரண்டாவது வரி முடிந்திருந்தபோது திரையின் மூலையில் மேலாளரின் பெயர் முளைத்தது. ஒரு எழுத்து விழுவதைப் பார்த்தார். அடுத்ததற்குக் காத்திருந்தார்.

"என்ன, லைன் ஸ்லோவா?"

"ஆமா சார், காலையிலேர்ந்தே..." என்று அந்தப் பெண் அவனுக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்தாள். காலையில் அப்படிச் சிரித்தவள் தனக்காகப் பொய் சொல்வது மின்னலுக்குப் பொறுக்கவில்லை. பதவி போனால் போகட்டும் என்று குறுக்கே புகுந்தான்.

"லைன் நல்லா இருக்கு சார். நான் ஒரு விரல்லதான் அடிப்பேன். எப்பவுமே."

மேலாளர், இன்னும் எத்தனை வரி பாக்கி என்று கேட்டார். ஒன்றே ஒன்று என்றான். சரி, இருக்கிறேன் என்றார். கடைசி அடைப்புக்குறி எங்கே இருக்கிறதென்று விரலுக்கு வழக்கம்போலத் தெரியவில்லை. மூவரும் காத்திருந்தார்கள். நிரல் முதல் தடவையிலேயே ஓடியது.

ஐந்து மணிக்கு மேலாளரின் மெயில் வந்தது: குழுத் தலைவர் அவன்தான். வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டான். அவள் சௌக்கியம் விசாரிப்பதற்குள், பதவி கிடைத்ததையும், நெட்வொர்க்காரர் புண்ணியத்தில் விரல் விஷயம் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துபோனதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். அக்கா வாழ்த்தக்கூட இல்லை.

"அடப்பாவி" என்றாள். "இனிமே நான் எதை வச்சுடா உன்னை மிரட்டுறது?"